சொந்த விருப்பத்தின் பேரில்

என் பெரிய மனுஷனுக்கு, ஹெப்பகோடியிலிருந்து அம்மா எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம் என்ன இருக்கிறது என்று நினைப்பாய். உன்னிடம் போனில் எதைத்தான் முழுதாகச் சொல்லி முடித்திருக்கிறேன்? வாயைத் திறந்ததும் "சரிம்மா, கிளாஸ் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீ குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்க வேண்டும். அதனால்தான் தெருமுனைக் கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து, உன் அப்பாவைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டு, சமையல் மேடையில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் திரும்பி வந்தால் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். அவருக்கும் இப்போது எல்லாம் தெரியும், இருந்தாலும் பார்ப்பார். இன்னொன்று, இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விளக்கித்தான் எழுதுகிறேன், "இதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்" என்று சலித்துக்கொள்ளாதே.

முதலில் நல்ல சேதி. நீதான் எனக்குச் சொன்னாய், இருந்தாலும் என் கையால் ஒரு தடவை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நீ கணக்கு நடத்தும் பள்ளியில் காவ்யா பத்தாவது பாஸ். கணக்கில் முப்பத்தேழு. முப்பத்தைந்து எடுத்தால் போதும் என்ற இடத்தில் இரண்டு மார்க் அதிகமாகவே எடுத்திருக்கிறாள் அந்தப் பெண். பக்கத்து போர்ஷன் செல்வி, நம் ஊர்க்காரி, எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவள், அவள்தான் காவ்யாவின் அம்மா. முந்தாநாள் அவள் வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து என் வீட்டிலேயே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ கூப்பிட்டு "பாஸும்மா, பாஸு" என்று சொன்னதும் அவள் அழவில்லை. எழுந்து போய் என் சிங்க்கில் கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி இதெல்லாம்?" என்றால், "இருங்கக்கா, கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்கிறாள். எனக்கோ பல மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிப் போனது. அன்று மத்தியானம் படுத்தவள் விளக்கு வைக்கும்வரை தூங்கியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

அன்று சாயங்காலமே நீ மறுபடி கூப்பிட்டாய். பள்ளி திறந்ததும் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு என்னை வரச் சொன்னாய். ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டுத் தன் மகனைப் பத்தாவது எழுதவைத்த தாய் என்று மேடையில் உட்காரவைத்துச் சால்வை போடப் போகிறாயாம். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பீரோவைத் திறந்து பட்டு வேட்டியை எடுத்து வெயிலில் போட்டுவிட்டார். நானும் வருகிறேன் என்றுதான் சொன்னேன். வருவேன். ஆனால் நீ அந்தச் சால்வையை வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள். நான் ஹெட்மாஸ்டரிடம் சண்டை போடவில்லை. அவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்போது நீ நம் ஊரில் அத்தை வீட்டில் தங்கி அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். நாங்கள் இங்கே வந்த புதிதில் உன்னையும் கூட்டி வந்து இங்கிருந்த கன்னடப் பள்ளியில் சேர்த்தோம். நாலு மாசம் ஒரு எழுத்தும் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். தமிழில் படித்தால் தேறுவான் என்று உன் அப்பா உன்னைத் திரும்ப ஊரில் கொண்டுபோய் விட்டார். அவர் லேத் கம்பெனி, நான் கார்மெண்ட்ஸ், இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமைகூடச் சில சமயம் வேலை. வந்து பார்ப்பது மாசத்துக்கு ஒரு தடவை. நீ பாடத்தில் பின்தங்கினாய் என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அன்றைக்கு அது எங்களுக்கு உறைக்கவில்லை. "இத்தனை கஷ்டப்படறோம், இவனுக்குப் படிக்க என்ன கேடு?" என்று உன்னைத்தான் திட்டினோம்.

காலாண்டுத் தேர்வில் நீ நாலு பாடத்தில் போய்விட்டாய். பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு அத்திப்பள்ளி, ஓசூர் என்று பஸ் மாறி வந்து சேர்ந்தேன். அன்றைய ஹெட்மாஸ்டர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கார்மெண்ட்ஸில் "பேக மாடி, பேக மாடி" என்று, அதாவது சீக்கிரம் செய் என்று, தலைக்கு மேல் கத்துவதையே கேட்டுப் பழகினவளுக்கு, ஒரு பெரிய மனிதர் மின்விசிறியைப் போட்டு உட்காரவைத்துப் பேசினால் எப்படி இருக்கும்? அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். "பையன் கண்டிப்பா ஃபெயில் ஆயிடுவான்மா. ரெக்கார்டுல அப்படியே நின்னுடும். இப்பவே டிசி வாங்கிட்டீங்கன்னா அவனுக்கும் அசிங்கம் இல்ல, ஸ்கூலுக்கும் நூறு சதவீதம் நிக்கும். அடுத்த வருஷம் தனியா பணம் கட்டி எழுதிக்கலாம்" என்றார். நான் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் மகனை என் சொந்த விருப்பத்தின் பேரில் பள்ளியிலிருந்து விடுவித்துக்கொள்கிறேன், மாற்றுச் சான்றிதழ் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று. எழுதி முடித்ததும் அவர் வாங்கிப் பார்த்து, "பரவால்லியே, கையெழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளையை வெளியே அனுப்ப எழுதிக் கொடுத்த தாளுக்குப் பாராட்டு வாங்கிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்த தருணம் என்றால் அதுதான்.

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொந்த விருப்பம் என்பது முழுப் பொய் இல்லை. பேனாவைப் பிடித்தபோது எனக்குள் ஒரு மூலையில், இனி நீ எங்களோடு வந்து இருப்பாய், தினமும் உனக்குச் சோறு போடலாம் என்று ஒரு சந்தோஷம் ஓடியது. பொம்மசந்திராவில் ஏதாவது கம்பெனியில் சேர்த்துவிட்டால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். உன் படிப்பைவிட என் ஏக்கம் அன்று பெரிதாக இருந்தது. அதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்.

சண்டை போட்டது நான் இல்லை என்றால் வேறு யார் என்று கேட்பாய். வசந்தா டீச்சர். ஆமாம், நீ இன்றைக்கும் பேரைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கும் அதே கணக்கு டீச்சர்தான். உன்னை வெளியே தள்ளப் பார்த்ததே அவர்தான் என்று இத்தனை வருஷமாக நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். நான் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், டிசி மத்தியானம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு டீச்சர் வேகமாக வந்து என் முன்னால் நின்றார்.

"நீங்கதான் அவன் அம்மாவா? எழுதிக் குடுத்துட்டீங்களாமே?"

"சார் சொன்னார், எழுதினேன் டீச்சர்."

"சார் கிணத்துல குதின்னா குதிச்சிடுவீங்களா? என்ன எழுதினோம்னு ஒரு தடவையாவது படிச்சுப் பாத்தீங்களா?"

டீச்சர் நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தின கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது. "ஃபெயில் ஆகட்டும் சார், உள்ள இருந்து எழுதி ஃபெயில் ஆகட்டும்" என்று கத்தியது டீச்சர். ஹெட்மாஸ்டர் என்னவோ தணிவாகச் சொல்ல, மேஜையைப் படாரென்று தட்டியதும் டீச்சர்தான். உன் அப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாரே, நான் மேஜையைத் தட்டினேன், இங்க் பாட்டில் எகிறி விழுந்தது என்று, அந்தத் தட்டல் என் கையுடையது இல்லை. இங்க் பாட்டிலை அவரே சேர்த்துக்கொண்டார், அதற்கு நான் பொறுப்பில்லை.

டீச்சர் வெளியே வந்தபோது என் தாள் நாலாக மடித்து அவர் கையில் இருந்தது. அரையாண்டில் நீ தேறவில்லை என்றால் அவரே அதைக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சாம். உங்கள் பள்ளியில் தத்தெடுப்பு என்று ஒன்று உண்டே, பின்தங்கிய பிள்ளைகளை ஆளுக்கு ஐந்து பேராக ஆசிரியர்கள் பொறுப்பு எடுத்துக்கொள்வது. அவருக்கு ஏற்கெனவே ஐந்து பேர். உன்னை ஆறாவதாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துச் சொன்னார்: "நீங்க எழுதிக் குடுத்தது பரீட்சை முடியற வரைக்கும் அவனுக்குத் தெரியவே கூடாது. அம்மாவே கைவிட்டுட்டான்னு தெரிஞ்சா அவன் பேனாவைத் தொட மாட்டான். நீங்க சண்டை போட்டு நிறுத்தினதா சொல்லுங்க. பரீட்சை முடிஞ்சதும் உள்ளதைச் சொல்லிடுங்க."

அன்று சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் வைத்து உன்னிடம் அப்படியே சொன்னேன். நீ தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "நீயாம்மா? ஹெச்.எம். கிட்டயா?" என்று கேட்டாய். அதற்கு முன்னாலோ பின்னாலோ யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமியாரிடம், சூப்பர்வைசரிடம், வீட்டுக்காரரிடம் என்று தலையை ஆட்டியே பழகினவள் நான். முதல் தடவையாக ஒருத்தன் என்னைப் பெரிய ஆளாகப் பார்க்கிறான், அதுவும் என் பிள்ளை. உனக்கும் அன்றிலிருந்து ஒரு வேகம் வந்தது. டீச்சர் தினமும் விடியற்காலை நாலரைக்கு அத்தை போனுக்குக் கூப்பிடுவார். எடுத்ததும் ஹலோ சொல்லக் கூடாது, ஒரு சூத்திரம் சொல்ல வேண்டும். உன் அத்தை என்னிடம் புலம்பித் தீர்ப்பாள், "உன் புள்ள தூக்கத்துல வட்டத்தோட பரப்பளவு சொல்றான் அண்ணி, பேய் புடிச்ச மாதிரி இருக்குது" என்று. நீ அந்த டீச்சரைக் கரித்துக்கொட்டினாய், அம்மாவுக்காகப் படித்தாய். பாஸும் ஆனாய்.

ரிசல்ட் வந்த அன்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "உனக்காகத்தான்மா படிச்சேன், நீ அன்னிக்கு சண்டை போடலேன்னா நான் இல்ல" என்றாய். அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்ல? பிளஸ் டூ முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு காலேஜ், பி.எட்., வேலைக்கான பரீட்சை. ஒவ்வொரு தடவையும் இப்போது சொன்னால் பிள்ளை மனசு உடைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் மனசைப் பற்றிய கவலை அதில் கால் பங்குகூட இல்லை. அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

நீ அதே பள்ளிக்குக் கணக்கு ஆசிரியராகப் போன பிறகுதான் நான் செய்து வைத்திருக்கும் காரியம் எனக்குப் புரிந்தது. போன கார்த்திகை மாசம் ஒரு நாள் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அக்கா, உங்க பையன் பேரன்ட்ஸ் மீட்டிங்ல பேசின வீடியோ பாத்தேன். உங்க கதையச் சொல்றாரு. உங்கள மாதிரி எனக்குத் தைரியம் இல்லக்கா. ஹெச்.எம். எழுதிக் குடுன்னாரு, குடுத்துட்டு வந்துட்டேன். காவ்யா என்கிட்ட பேசவே மாட்டேங்குறா. 'சாரோட அம்மா சண்டை போட்டாங்களே, நீ ஏம்மா போடல'ன்னு கேக்குறா" என்றாள். தாய்மாமன் வீட்டில் இருந்து படிக்கும் பெண், அம்மா இங்கே தரை துடைக்கிறாள், ஒரு தாளில் கையெழுத்து. எல்லாமே எனக்கு நடந்த மாதிரியே. "நானும் கையெழுத்துப் போட்டவள்தாண்டி" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பாத்துக்கலாம் விடு" என்றேன்.

உனக்குப் போன் போட்டேன். நினைவிருக்கிறதா நீ என்ன சொன்னாய் என்று? தேறாதவர்கள் பட்டியல் எழுதியதே நீதான் என்றாய். ஹெட்மாஸ்டரை மாவட்டக் கூட்டத்தில் நூறு சதவீதம் காட்டாததற்காக எழுந்து நிற்க வைத்தார்களாம், பேர்ப் பட்டியல் சென்னைக்குப் போகும் முன் கழிக்க வேண்டியதைக் கழிக்கச் சொன்னாராம். எனக்கு அதிர்ச்சி அதில் இல்லை. உன் கஷ்டம் உனக்கு. அடுத்து ஒன்று சொன்னாயே, அதுதான். "கையெழுத்துப் போட்டுட்டுப் போற அம்மாவுக்கு அக்கறை இல்லம்மா. அக்கறை இருந்தா உன்னை மாதிரி சண்டை போட்டிருக்கும். வீட்லயே அக்கறை இல்லாத பிள்ளைய நாங்க என்ன பண்றது?" என்று. என் பொய்யை வைத்து நீ ஊரில் உள்ள அம்மாக்களையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறாய். அந்த அளவுகோலில் தோற்கும் முதல் ஆள் உன்னைப் பெற்றவள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதில் அழுது, மிரட்டி, அடம்பிடித்தேன். "அந்தப் பொண்ணை எழுத விடலேன்னா இந்தப் பொங்கலுக்கு நான் அங்க வரமாட்டேன், நீயும் இங்க வராதே" என்றேன். "உனக்கு ஏம்மா இவ்வளவு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். மூன்றாம் நாள் இறங்கி வந்தாய். "சரி, டிசி போடலை, எழுதட்டும். ஃபெயில் ஆனா ஹெச்.எம். கிட்ட உன் பேரைத்தான் சொல்வேன்" என்றாய். தாராளமாகச் சொல்லிக்கொள் என்றேன். அதோடு நீ நிறுத்திக்கொள்ளவில்லை, அதை நான் மறுக்கவில்லை. காவ்யாவை நீயே பொறுப்பெடுத்து, விடியற்காலையில் கூப்பிட்டு எழுப்பினாய் என்று செல்வி சொன்னாள். எடுத்ததும் ஹலோ சொல்லக் கூடாதாமே, சூத்திரம்தான் சொல்ல வேண்டுமாமே? அதைக் கேட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். யாரிடம் கற்றாய் என்று உனக்கே தெரிந்திருக்காது.

நூறு சதவீதம் இந்த வருஷமும் போய்விட்டது என்று முந்தாநாள் வருத்தப்பட்டாய். போகட்டும்டா. ஒருத்தன் ஆங்கிலத்தில் போய்விட்டான், அவன் யார்? உன் பட்டியலில் கண்டிப்பாகத் தேறுவான் என்று நீ கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்ட பையன். காவ்யா கண்டிப்பாக ஃபெயில் என்று எழுதினவனும் நீதான். கார்த்திகையில் உட்கார்ந்து பங்குனியை எழுதும் வேலை உனக்கும் வராது, உன் ஹெட்மாஸ்டருக்கும் வராது. அந்தப் பையனைத் துணைத் தேர்வுக்குத் தயார் பண்ணு, ஒரு மாசத்தில் எழுதிவிடுவான். அவன் அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, பயமுறுத்தாமல் பேசி அனுப்பு. டீ கொடுப்பதில் தப்பில்லை, அதற்குப் பிறகு தாளை நீட்டுவதுதான் தப்பு.

நேற்றுக் காலை வசந்தா டீச்சரைப் பார்க்கப் போனேன். மல்லேஸ்வரத்தில் மகள் வீட்டில்தான் இருக்கிறார், பல வருஷமாக எனக்குத் தெரியும், உன்னிடம் சொன்னதில்லை. அவர் வைத்த கெடு எப்போதோ முடிந்துவிட்டது, இருந்தாலும் சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று மெட்ரோ பிடித்தேன். ஆர்.வி. ரோட்டில் இறங்கி வண்டி மாற வேண்டும், மூட்டு வலியோடு அந்தப் படி ஏறி இறங்கியது பெரிய கூத்து. டீச்சருக்கு முடி மொத்தமும் வெளுத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. காபி கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி, "அவன்கிட்ட உண்மையச் சொல்லிடலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இன்னும் சொல்லலையா நீ?"

"நீங்கதான சொல்லக் கூடாதுன்னு..."

"நான் என்ன சொன்னேன்? பரீட்சை முடியற வரைக்கும்னேன். பரீட்சை முடிஞ்சு அவன் வாத்தியாரே ஆயிட்டான், இன்னும் என்னத்துக்குக் கட்டிக் காத்துக்கிட்டு இருக்கே? நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. பிறகு உள்ளே போய், ஒரு பழைய லாகரிதம் அட்டவணைப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்து, நடுவிலிருந்து அந்தத் தாளை உருவிக் கொடுத்தார். மடித்த இடம் மஞ்சளாகிவிட்டது. அரையாண்டில் நீ தேறிவிட்டதால் அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டி வரவில்லை. உன்னைப் பற்றி விசாரித்தார். அந்தப் பெண்ணுக்கு நீ விடியற்காலையில் போன் போட்ட கதையைச் சொன்னேன். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அதற்கப்புறம் எனக்கு இன்னொரு காபி வந்தது.

சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். இடி விழுந்த மாதிரி நின்றார். "அப்ப நீ மேஜையத் தட்டவே இல்லையா?" என்று கேட்டார். "மேஜைல கைய வெச்சதே கையெழுத்துப் போடத்தாங்க" என்றேன். போய்ப் பட்டு வேட்டியை மடித்து உள்ளே வைத்தார். இன்று காலை மறுபடி எடுத்து வெளியே வைத்திருக்கிறார். "எப்படியும் போகணுமில்ல?" என்கிறார். செல்வியிடம் இன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னேன். "அக்கா, நீங்களுமா?" என்றாள். மறுபடியும் "நீங்களுமா?" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்து, ரிசல்ட் வந்த அன்று அழாத அழுகையையெல்லாம் அழுது முடித்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப நான் மட்டும் மோசமான அம்மா இல்ல" என்று சொல்லி, ஓடிப் போய்க் கம்பெனி வண்டியைப் பிடித்தாள். நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததால் எத்தனை பேர் இப்படித் தங்களைத் தாங்களே மோசமானவள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்களோ தெரியவில்லை.

உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நீ படித்தவன், பாடம் நடத்துகிறவன். ஒன்றே ஒன்று. உங்கள் பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போடும் அம்மா அக்கறை இல்லாதவள் இல்லை. பயந்தவளாக இருப்பாள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவளாக இருப்பாள், என்னை மாதிரிப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஏங்குகிறவளாகக்கூட இருப்பாள். அவளுக்குப் பதிலாக மேஜையைத் தட்ட அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் வேண்டும். உனக்கு ஒருத்தர் கிடைத்தார்.

எனக்கு இப்போது மனசு லேசாக இருக்கிறது. உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, அந்தப் பயம் மட்டும் பாக்கி இருக்கிறது. படித்து முடித்ததும் கூப்பிடு. திட்டுவதாக இருந்தால் முழுசாகத் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். என்னைப் பழையபடி பார்க்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, உள்ளபடி பார். கூட்டத்தன்று இந்தக் கடிதத்தை மேடையில் ஒரு வரி விடாமல் வாசி. உன் ஹெட்மாஸ்டர் கோபித்துக்கொண்டால், என் பேரைச் சொல்வேன் என்றாயே, சொல்லிக்கொள்.

என் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது, பார். செல்வி எழுதிக் கொடுத்த தாளும் அங்கே உங்கள் அலுவலக பீரோவில் ஏதாவது ஒரு ஃபைலில் இருக்கும். அதைத் தேடி எடுத்து வை. அன்றைக்கு அவளும் லீவு போட்டுவிட்டு எங்களோடு வருகிறாள். சால்வையெல்லாம் எனக்கு வேண்டாம். அவளை மேடைக்குக் கூப்பிட்டு, காவ்யா பார்க்க, அந்தத் தாளை அவள் கையில் கொடு. நீ கிழித்துப் போட்டுவிடாதே. அவள் கிழிக்கட்டும்.

அம்மா